தமிழுக்கு ஒரே ஒரு 'க' போதுமா?

ஏற்காடு அடிவாரம் (கேள்வி)

வணக்கம். என் மகள் 5ஆம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் தமிழோடு இந்தியும் இருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "இந்தியில் க-வுக்கு நான்கு எழுத்து இருக்கிறது, தமிழில் ஏன் ஒன்றுதான்? கடல் என்பதில் ஒரு சத்தம், தங்கம் என்பதில் வேறு சத்தம். இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதினால் படிக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அலுவலகத்தில் இதைச் சொன்னேன். ஒருவர், தமிழ் எழுத்து குறையுள்ளது, புதிய எழுத்துகளைச் சேர்த்தால்தான் சரிப்படும் என்றார். இன்னொருவர், 'தங்கம்' என்பதில் வரும் அந்த ஒலியே தமிழுக்கு உரியது அல்ல, எல்லாம் வடமொழிக் கலப்பு என்றார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. மொழியியல் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். 10 வயதுப் பெண்ணுக்குச் சொல்லும்படியாக இருந்தால் இன்னும் நல்லது.

நூலகன்

"எப்படித் தெரியும்" என்ற பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலேயே இந்த விதி இருக்கிறது. வல்லின எழுத்து சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் வன்மையாக ஒலிக்கும். சொல்லின் நடுவில் தனியாக வந்தாலோ மெல்லின எழுத்தை அடுத்து வந்தாலோ நெகிழ்ந்து ஒலிக்கும். இடத்தைப் பார்த்தாலே ஒலி தெரிந்துவிடும். இதற்கு மேல் விளக்கமாகப் பீளமேட்டு ஆசிரியை எழுதுவார் என்று நினைக்கிறேன்.

பீளமேட்டு ஆசிரியை

உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மொழியியல் வகுப்பில் தொடக்கத்திலேயே வரும் பெரிய கேள்வியை அந்தக் குழந்தை தானாகவே தொட்டுவிட்டாள். 'தமிழ் அப்படித்தான்' என்று சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது.

நான் கோவைக்கு மாற்றலாகி வரும் வங்கி அதிகாரிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். நம் எழுத்து கைவரும் வரை குறிப்பேட்டில் இந்தி எழுத்தான தேவநாகரியில் எழுதிக்கொள்வார்கள். அந்தக் குறிப்பேடுகளை வாங்கிப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. நம் வாயிலிருந்து உண்மையில் என்ன வருகிறது என்பதை அவை ஒளிவுமறைவில்லாமல் காட்டிவிடும். பாட்னாக்காரர் ஒருவருடைய நோட்டில் 'கடல்' என்ற சொல்லை இந்தியின் முதல் க-வில் எழுதியிருந்தார். அடுத்த வரியில் 'செங்கடல்'. அதில் 'தங்கம்' என்பதில் ஒலிப்பது போன்ற மூன்றாவது க. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. "மேடம், இவை இரண்டு வெவ்வேறு சொற்களா?" என்று கேட்டார். பக்கத்து மேசையில் இருந்த நம்மூர் எழுத்தரைக் கூப்பிட்டு இரண்டையும் சொல்லச் சொன்னேன். சொன்னார். "இரண்டிலும் 'க' ஒன்றாகத்தான் இருக்கிறதா?" என்று கேட்டேன். "ஒன்றுதான், இதில் என்ன சந்தேகம்?" என்றார். பாட்னாக்காரருக்குப் பெருவியப்பு.

இருவர் காதிலும் எந்தக் கோளாறும் இல்லை. வாய் எழுப்பும் சத்தம் ஒன்று, அந்தச் சத்தத்தை ஒரு மொழி எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பது வேறொன்று. முதலாவது ஒலி. இரண்டாவதை மொழியியலில் ஒலியன் என்கிறோம். ஓர் ஒலியை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னோர் ஒலியை வைத்தால் சொல்லின் பொருள் மாறுகிறதா? மாறினால் அவை இரண்டும் அந்த மொழியில் தனித்தனி ஒலியன்கள். ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வராமல், பொருளையும் மாற்றாமல் இருந்தால் அவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள்.

இந்தியில் ப-வை எடுத்துக்கொள்ளுங்கள். சுலோகப் புத்தகங்களில் போடுவதுபோல எண் போட்டு எழுதுகிறேன். ப1ல் என்றால் கணம். ப2ல் என்றால் பழம். ப3ல் என்றால் வலிமை. முதல் ஒலி மாறியவுடன் பொருள் அடியோடு மாறுகிறது. எனவே அந்த மொழிக்குத் தனித்தனி எழுத்து கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பழத்துக்கும் வலிமைக்கும் வேறுபாடு தெரியாது. இதே சோதனையைத் தமிழில் செய்யுங்கள். 'தங்கம்' என்பதைக் 'கடல்' க-வின் வன்மையோடு வலிந்து சொல்லிப் பாருங்கள். வெளியூர்க்காரர் பேசுவதுபோல இருக்கும். ஆனால் தங்கம் தங்கம்தான், வேறு பொருளாகிவிடாது.

இரண்டும் வேறு வேறு சத்தம் என்று உங்கள் மகள் சொன்னது முழுக்கச் சரி. அதைக் கையாலேயே உணரலாம். விரல்களைக் குரல்வளையில் வைத்துக்கொண்டு 'தங்கம்' என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். அதிர்வு அறுபடாமல் ஓடும். அடுத்து 'தக்காளி'. நடுவில் அதிர்வு சட்டென்று நின்று மறுபடி தொடங்கும். அந்த இடைவெளிதான் ஒலிப்பில்லாத, அதாவது அதிர்வில்லாத க. 'பகல்' என்று சொன்னால் நாக்கு அண்ணத்தை முழுதாக அடைப்பதுகூட இல்லை, சிலர் வாயில் அது 'ஹ' அளவுக்கு நெகிழ்ந்துவிடுகிறது. ஓர் எழுத்து, மூன்று ஒலி. எங்கே எது வரும் என்பதை நாம் பிறந்ததிலிருந்து கேட்டே கற்றுக்கொண்டுவிட்டோம்.

அலுவலகத்தில் 'குறை' என்றவருக்கு இதைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 'பின்' என்று சொல்லும்போது உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் காற்று அடிக்கும். 'ஸ்பின்' என்றால் அடிக்காது. ஆங்கிலேயர் வாயில் இவை இரு வேறு ஒலிகள், இந்திக் கணக்கில் கிட்டத்தட்ட ப2, ப1. ஆனாலும் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அதை யாரும் குறை என்று சொல்வதில்லை, பொருள் மாறாத இடத்தில் தனி எழுத்துக்கு வேலையில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 'வலி, வளி, வழி' என்று நான் சொன்னால் அவர்களில் இந்தி பேசும் அதிகாரிகளின் நோட்டில் மூன்று வரியிலும் ஒரே சொல்தான் இருக்கும். அவர்கள் காதில் மூன்றும் ஒன்றாகவே விழுகிறது. நமக்கு நோவும் காற்றும் பாதையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன! மரம், மறம் என்பதும் அப்படியே. நாம் எங்கே பிரிக்கிறோமோ அங்கே எழுத்து வைத்திருக்கிறோம்.

தமிழை எழுதத் தொடங்கியவர்கள் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. அசோகர் காலத்தில் வழங்கிய பிராமி என்ற எழுத்து முறையில் ஒலிப்புள்ள க-வுக்கும் த-வுக்கும் தனி எழுத்துகள் ஏற்கெனவே இருந்தன. நம்மவர்கள் அந்த எழுத்து முறையை எடுத்துக்கொண்டபோது அவற்றை ஒதுக்கிவிட்டு, அதில் இல்லாத ழ, ள, ற, ன என்ற நான்கையும் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள். மதுரைக்கு அருகே மாங்குளம் போன்ற குன்றுகளில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் இதைப் பார்க்கலாம். கையில் இருந்ததை விட்டுவிட்டு இல்லாததை உருவாக்குவதென்றால், தன் மொழியை எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்க வேண்டும்!

இன்னொன்று. கடல், வங்கக்கடல், செங்கடல், கருங்கடல். இவற்றில் 'கடல்' ஒலிப்பதெல்லாம் ஒன்றுபோல இல்லை. ஒலிக்கு ஒரு எழுத்து என்று வைத்திருந்தால் செங்கடலில் கடலின் எழுத்தே மாறியிருக்கும். தமிழ் வேறு எழுத்தில், செந்தமிழ் வேறு எழுத்தில். ஒரே எழுத்து இருப்பதால் சொல் எங்கே போய்ச் சேர்ந்தாலும் அதன் முகம் மாறாமல் நிற்கிறது. புதிய எழுத்து வேண்டும் என்பவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நூலகன்

அருமை அம்மா. ஆனால் ஒரு சந்தேகம். அந்த எழுத்தர் "ஒன்றுதான்" என்று சொன்னது, சிறுவயதிலிருந்து ஒரே எழுத்தைப் பார்த்துப் பழகியதால் இருக்கலாம் அல்லவா? எழுத்துதான் காதைப் பழக்கியிருக்கிறது என்று ஒருவர் வாதிட்டால் என்ன சொல்வீர்கள்?

பீளமேட்டு ஆசிரியை

நல்ல கேள்வி. இதைச் சோதிக்க, தன் மொழியை எழுதும் மரபே இல்லாத ஒருவரிடம் போக வேண்டும். அப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது.

1910-இல் எட்வர்ட் சபீர் என்ற அமெரிக்க மொழியியலாளர் பிலடெல்பியாவில் டோனி டில்லோஹாஷ் என்ற இளைஞரிடம் தெற்குப் பையூட் மொழியைக் கேட்டு எழுதினார். யூட்டா, அரிசோனா பகுதிகளில் பேசப்படும் பழங்குடி மொழி அது. அதில் 'பா' என்றால் தண்ணீர். 'தண்ணீரருகே' என்று சொல்ல அதே சொல்லின் பின்னால் ப-வில் தொடங்கும் ஓர் உருபு சேரும். உயிரெழுத்துக்குப் பின்னால் வரும் அந்த ப, உதடு மூடாமல் 'வ' போல ஒலிக்கும். நம் 'கோபம்' என்பதில் வரும் ப நெகிழ்கிறதே, கிட்டத்தட்ட அதே போக்கு. அந்தச் சொல்லை அசையசையாகப் பிரித்துச் சொல்லும்படி சபீர் கேட்டார். டோனி முதல் அசையைச் சொல்லி நிறுத்தினார். இரண்டாவது அசையைத் தொடங்கும்போது வாயிலிருந்து வந்தது 'வ' அல்ல, தெளிவான 'ப'. சபீரின் காதில் விழுந்தது வேறு, டோனியின் மனத்தில் இருந்தது வேறு.

ஒலியன் என்பது ஆய்வாளர் வசதிக்காகப் போட்ட கணக்கு மட்டுமல்ல, பேசுகிறவர் மனத்தில் உள்ள உண்மை என்று சபீர் 1933-இல் ஒரு கட்டுரை எழுதினார். டோனியின் இந்தச் சொல் அதில் ஒரு சான்று. ஒலியன் பற்றிய எண்ணம் அதற்கும் முன்பே, 1870களிலும் 1880களிலும், ரஷ்யாவின் கசான் நகரில் போதுவான் த கூர்த்தெனே என்ற போலந்துக்காரரும் அவருடைய மாணவர் குருஷெவ்ஸ்கியும் உருவாக்கியது. ஆனால் என்னை நம்பவைத்தது கசான் அல்ல, டோனிதான்.

எழுத்து காதைப் பழக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. படித்தவர்களிடம் அந்தப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் தொடக்கம் எழுத்து அல்ல.

சலங்கை

நான் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். ஆசிரியையின் விளக்கத்தை ரசித்துப் படித்தேன், ஆனால் ஓரிடத்தில் இடறுகிறது. வகுப்பில் "முகத்தில் பாவம் வரவில்லை" என்று நாள்தோறும் சொல்கிறேன். "பாவம், குழந்தைக்குக் கால் வலிக்கிறது" என்றும் சொல்கிறேன். எழுதினால் இரண்டும் ஒன்று. சொன்னால் முதல் எழுத்து வேறு, பொருளும் வேறு. நீங்கள் சொன்ன சோதனைப்படி தமிழிலும் இவை இரண்டு ஒலியன்கள் என்றுதானே ஆகிறது?

பீளமேட்டு ஆசிரியை

சலங்கை, மிகச் சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். ஆம், அந்தச் சோதனையில் இந்த இணை தேறிவிடுகிறது. விளையாடும் பந்தும், உறவினரைக் குறிக்கும் பந்துவும் இதே போல. இவற்றையெல்லாம் பார்க்கும்போது, வெளியிலிருந்து வந்த சொற்களோடு ஒலிப்புள்ள ஒலிகள் சொல்லின் முதலிலும் குடியேறி, இன்றைய பேச்சுத் தமிழில் தனி ஒலியன்களாகிவிட்டன என்று சில மொழியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். வேறு சிலர் அவற்றைக் கடன்சொற்களுக்கு உரியவையாகத் தனியே வைக்கிறார்கள். நான் முதல் பக்கம் சாய்கிறவள். நாள்தோறும் கோடிக்கணக்கானவர்கள் 'பஸ்' என்று ஒலிப்புள்ள ப-வில் சொல்லும்போது, அது தமிழர் வாயில் இல்லை என்று எப்படிச் சொல்வது? மொழி உயிரோடு இருந்தால் அதன் ஒலியமைப்பும் நகரும்.

இது இன்று தொடங்கியதும் அல்ல. மேலே சொன்ன மாங்குளம் கல்வெட்டிலேயே 'தம்மம்' என்ற பிராகிருதச் சொல்லின் முதல் எழுத்தைப் பிராமியின் வேறொரு த-வில் பொறித்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணித்தவர் கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன். தன் சொற்களுக்கு ஒரே த, வந்த சொல்லுக்கு வந்த எழுத்து என்று அன்றைக்கே எழுதியிருக்கிறார்கள். ஜ, ஸ, ஹ எழுத்துகளை நாம் இன்று வைத்துக்கொண்டிருப்பதும் அதே வழிதான்.

அதனால் எழுத்தைக் கூட்டலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். முகத்தில் வருவது எந்தப் பாவம் என்று வாக்கியமே சொல்லிவிடுகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய இணைகளுக்காகச் செங்கடலையும் செந்தமிழையும் உடைக்க எனக்கு மனம் வராது.

வடமராட்சியான்

வணக்கம் ரீச்சர். ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். இந்த இரண்டு சொற்களையும் பார்த்து இந்தியத் தமிழ் நண்பர்கள் எப்போதும் திகைப்பார்கள். 'டீச்சர்', 'டொராண்டோ' என்பதை நீங்கள் ஏன் ர, ற போட்டு எழுதுகிறீர்கள் என்று கேட்பார்கள். ஒன்ராறியோ, மொன்றியல், ரிக்கற் எல்லாம் எங்கள் பத்திரிகைகளில் அப்படித்தான் வரும். இதுவும் நீங்கள் சொல்லும் விஷயம்தானா?

பீளமேட்டு ஆசிரியை

இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்திருக்காது, நன்றி. ஆங்கிலேயர் அந்த ஒலியைச் சொல்லும்போது நுனிநாக்கு மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டைத் தொடுகிறது. நம் 'த' பல்லிலேயே படும். நம் 'ட' நாக்கை மடித்து அண்ணத்தைத் தொடும். ஆங்கில ஒலி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் 'காற்று', 'வெற்றி' என்பதில் வரும் ற்ற, பழைய ஒலிப்பை விடாமல் சரியாக அதே மேட்டில்தான் இன்றும் உச்சரிக்கப்படுகிறது. ஆகவே உங்கள் காது ஆங்கில ஒலியைக் கேட்டவுடன் 'இது நம் ற-வின் இனம்' என்று சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டில் ற்ற-வின் ஒலி மாறிப்போனது. பேச்சில் 'காத்து' என்கிறோம், படிக்கும்போது ரகரம் கலந்து ஒலிக்கிறோம். நடு இடம் காலியானதால் எங்கள் காது அதே ஒலியை ட-வில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரே ஆங்கில ஒலி, ஒரே தமிழ், இரண்டு கரைகளில் இரண்டு முடிவு. ரொறன்ரோ என்ற எழுத்தைத் தவறு என்று யாராவது சொன்னால், வெற்றி என்பதை உங்கள் ஊர் ஒலிப்பில் ஒருமுறை சொல்லிக்காட்டுங்கள்.

ஏற்காடு அடிவாரம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. குரல்வளையில் கை வைக்கும் சோதனையை மகள் செய்துவிட்டாள், தம்பியையும் விடவில்லை. நூலகன் சொன்ன விதியையும் விளக்கினேன். சற்று நேரம் கழித்து வந்து, "இரட்டித்தால்தான் வன்மை என்றால், 'வெட்கம்' என்பதில் க இரட்டிக்கவில்லையே? முதலிலும் வரவில்லையே? ஆனால் கடல் மாதிரிதானே ஒலிக்கிறது?" என்று கேட்டாள். அம்மா, இதற்கு என்ன சொல்ல?

பீளமேட்டு ஆசிரியை

விதியில் விடுபட்ட இடத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லுங்கள்! க-வுக்கு முன்னால் இன்னொரு வல்லின மெய் நின்றால், அது அதே எழுத்தாக இல்லாவிட்டாலும், வன்மைதான். வெட்கத்தில் 'ட்' நிற்கிறது. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இப்படித்தான் வரும். நட்பு, கற்பு, ஆட்சி, பயிற்சி என்று சொல்லச் சொல்லுங்கள், குரல்வளையில் அதிர்வு நிற்கும். அன்பு, பாம்பு, மார்பு, செய்தி என்றால் நிற்காது. ஏன் என்று கேட்டால், 'ட்' சொல்லும்போதே குரல் நாண்கள் அதிர்வதை நிறுத்திவிட்டன, அடுத்த அடைப்பும் அதே நிலையில் தொடர்கிறது என்று சொல்லலாம். 'ம்', 'ன்', 'ர்', 'ய்' எல்லாம் அதிர்வோடு ஒலிப்பவை, அந்த அதிர்வு பின்னால் வரும் எழுத்துக்கும் பாய்கிறது.

அடுத்த எழுத்துக்கு விதியை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பசி, பச்சை, மஞ்சள், ஆட்சி, சந்தை என்று ஐந்து சொற்களை மட்டும் எழுதிக்கொடுங்கள். ச அவற்றில் ஒரே மாதிரி ஒலிக்கவில்லை. எந்த இடத்தில் எது வருகிறது என்று அவளே பட்டியல் போடட்டும். 'சந்தை' ஊருக்கு ஊர் மாறும் என்பதால், வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எழுதியதை இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.